இருவர் உடுத்த கூறை

முகையூருக்குக் கிழக்கே, முற்றிய கேப்பைக் கதிர்கள் மாலை வெயிலில் பழம்பொன்னாய் மினுங்க, மல்லாட்டை எனும் நிலக்கடலை பிடுங்கிய செம்மண்ணின் மணத்தைச் சுமந்த வாடை ஏரிக்கரை ஏறிவர, பனைகளின் நெடுநிழல் நீர்மேல் விழுந்து நடுங்கிய பொழுதில், படிப்பவரே, சின்னதுரையின் வீட்டார் ஒரு குடத்தின் முன் கைகூப்பி நின்றனர். அது ஐம்பத்தெட்டாம் ஆண்டின் தை. மறுநாள் அவர் மகள் கிருஷ்ணவேணிக்குத் திருமணம்.

மஞ்சளும் பூவுமாய் மறைந்த குலமகளைப் பூவாடைக்காரி என வணங்கி, புதுப்புடவை படைத்து, அவள் இசைந்த பின்னரே மணக்கூறையைத் தொடுவது அக்குடியின் வழக்கம். குடத்தின் உச்சியில் வைத்த பூ தானே விழுந்தால் இசைந்தாள் என்பது பொருள், விழாவிடில் மணமில்லை. கிருஷ்ணவேணி ஐந்து வயதில் இழந்த தாயே அவ்வீட்டின் பூவாடைக்காரி. நெடும்பொழுது கழிந்தும் பூ அசையவில்லை.

“மாப்ள வூட்டுக்காரங்க திண்டிவனத்துலேருந்து வண்டி கட்டிக்கினு வந்துக்கினு இருக்காங்க. இன்னாடா கொற வெச்ச அவளுக்கு?” என்றாள் சின்னதுரையின் தமக்கை தையல்நாயகி. “உசுரோட இருக்க சொல்லவே அவ லேசுல எறங்கி வரமாட்டா.”

சின்னதுரை தலை கவிழ்ந்தார். அவருடைய இரண்டாம் மனைவி கோவிந்தம்மாள் வீட்டுக்கு விரைந்து, பெட்டியின் அடியிலிருந்து அரக்குநிறக் கூறை ஒன்றைக் கொணர்ந்து குடத்தின் கீழ் வைத்தாள்.

“இது அக்காவோட கூறைங்க. அவங்க ஒடம்போட போயிருக்கணும். மழையில்லாத வருசம், புதுசு எடுக்க வழியில்லன்னு இத இவரு மறைச்சி வெச்சி எனுக்குக் குடுத்துட்டாரு. தாலி ஏறின பொறவுதான் எனுக்கே தெரியும். பன்னெண்டு வருசமா இத தொடவும் பயம், தூக்கிப் போடவும் பயம்.”

அப்போதும் பூ விழவில்லை. கூடியிருந்தோர் கண்களெல்லாம் கோவிந்தம்மாளையே சுட்டன. கிருஷ்ணவேணி, மஞ்சள் பூசிய முகம் வாட, இருவர் உடுத்து ஒருவர்க்கும் உரிமையாகாத அக்கூறையை நெடிது நோக்கினாள். பின் தட்டிலிருந்த புதுப்புடவையை எடுத்துச் சிற்றன்னையின் தோளில் போர்த்தினாள்.

“எங்கம்மா பொடவ எங்கம்மாகிட்ட வந்துடுச்சி. இத நீ கட்டிக்க, சின்னம்மா. உனுக்குன்னு யாரும் கூறை எடுக்கலியே.”

“படைச்சதுல கை வெக்கறியேடி, இன்னும் பூ வுழல” என்று தடுத்தாள் தையல்நாயகி.

“வுழாட்டி போவுது அத்தே. எனுக்குக் கல்யாணமே நடக்காட்டியும் இது சின்னம்மாவுக்குத்தான்.”

வாடை வீசியதோ, குடத்து நீர் அசைந்ததோ, அறியேன். பூ மெல்லச் சரிந்து பழங்கூறையின் மடிப்பில் விழுந்தது.

இறந்தவளுக்கு உரியதை மறைத்தவர் இருப்பவளுக்கு உரியதையும் அன்றே மறைத்தார் என்பதை அவ்வீடு உணரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதனை உணர்த்த ஒரு பெண் தன் மணத்தையே விடத் துணிய வேண்டியிருந்தது. பழங்கூறையை அம்மாலையே கரையில் தீயிட்டனர். மறுநாள், திண்டிவனத்துக் கூறை உடுத்துப் பந்தலேறிய மணமகளின் பின்னே, புத்தாடையின் விறைப்புப் பழகாதவளாய், முந்தானையை அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்தபடி நின்றிருந்தாள் கோவிந்தம்மாள்.