கதவுக்கு இந்தப் பக்கம்

படம் மொத்தம் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. அதில் பேய் கிடையாது, ரத்தம் கிடையாது. ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் சாத்திய கதவு. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். "யாராவது இருக்கீங்களா" என்று ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது. பிறகு கெஞ்சுகிறது, அழுகிறது, மூச்சுக்குத் திணறுகிறது. கட்டிலில் இருப்பவள் ஒரு சட்டையின் காலரை நீவி மடிக்கிறாள். அடுத்து ஒரு துண்டு. எல்லாம் முடிந்ததும் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறாள். கதவு கடைசிவரை திறப்பதில்லை.

திரைப்படக் கழகத்தின் சின்ன அரங்கில், சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அறுபது பேர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் நானும் அப்படித்தான் இருந்தேன். படத்தை எடுத்தவன் என் கணவன். துணி மடித்தது அவனுடைய அக்கா, என் அண்ணி. கதவுக்குப் பின்னால் மூச்சுத் திணறியது நான்.

அது என் குரல் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று சொல்கூடத் தேவைப்படவில்லை. படங்களுக்கும் தொடர்களுக்கும் ஒலியைச் சீர்செய்வதுதான் என் தொழில். சின்ன வயதில் இருந்த மூச்சிரைப்பு போய்விட்டாலும், பயந்தால் மூச்சை இழுக்கும்போது நடுவில் ஒரு மெல்லிய விசில் வரும். அரங்கின் நான்கு ஒலிபெருக்கிகளிலும் அந்த விசில் வந்தது. இந்தப் படத்தின் ஒலியை மட்டும் நான் தொடவில்லை. "இதுக்கு நீ ரசிகையா மட்டும் வா" என்று சொல்லியிருந்தான். அதைக் கேட்டு நெகிழ்ந்துபோய் ஒரு புதுச் சேலை வேறு வாங்கியிருந்தேன்.

விளக்கு எரிந்ததும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். எது பயமுறுத்துகிறது என்று ஒரு சின்ன வாக்குவாதம். உள்ளே இருப்பதுதான் பேய், அதனால்தான் இவள் திறக்கவில்லை என்றார் ஒருவர். கழகத்தின் தலைவி தலையை ஆட்டினாள்.

"எனக்கு உள்ள இருக்கறவளப் பாத்துப் பயமே இல்லைங்க. பாவமாத்தான் இருந்துச்சு. வெளியில உக்காந்து மடிக்கறாளே, அவளப் பாத்துத்தான் பயம். காது கேக்காதவன்னா சரி. எல்லாத்தையும் கேட்டுட்டு மடிக்கறா."

அண்ணிக்கு ஒரே வெட்கம். தையல் கடை வைத்திருப்பவள். வாழ்க்கையில் முதல் தடவையாக நடித்திருக்கிறாள். "படம் எடுத்தப்ப எனக்கு எந்தச் சத்தமும் கேக்கலைங்க. துணிய மடி, கடைக்கு நூல் வாங்கணும்னு நெனச்சுக்கோன்னான் இவன். நான் பாட்டுக்கு மடிச்சேன். இப்ப எல்லாரும் என்னைக் கண்டா நகந்து உக்கார்றாங்க" என்றாள். அரங்கம் சிரித்தது.

"சரி, அந்தக் குரல் யாரோடது? பிச்சு உதறியிருக்காங்க" என்று தலைவி கேட்டாள்.

என் கணவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "வலையில ஒரு இலவசத் தொகுப்புல கெடைச்சது மேடம். யாருன்னே தெரியாது."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த மாதம் நடக்கும் பெரிய விழாவுக்குக் கழகத்தின் சார்பில் இந்தப் படத்தைத்தான் அனுப்பப் போகிறோம் என்று தலைவி அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறாரே என்று நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கைகள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

நான்கு மாதத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டின் பின்னறைதான் எங்கள் ஒலிக்கூடம். அதற்குள் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு பெட்டியறை. சுவரெல்லாம் பஞ்சு, கதவைச் சுற்றிலும் ரப்பர். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. உள்ளே தொங்கும் மைக் வழியாக மட்டும்தான் கேட்கும். அதுவும் வெளியே மேஜையில் ஹெட்போன் மாட்டியிருப்பவருக்குத்தான். அன்று மத்தியானம் அவன் வீட்டில் இல்லை. சுவரில் உரிந்திருந்த பஞ்சுக்குப் பசை தடவ நான் உள்ளே போனேன். பல்பு முந்தின நாளே போய்விட்டதால் கதவைத் திறந்துவைத்திருந்தேன். கனமான கதவு, தானாகச் சாத்திக்கொண்டது. இருட்டில் கைப்பிடியைத் தேடித் திருகினேன். அது கழன்று என் கையோடு வந்துவிட்டது.

எவ்வளவு நேரம் என்று அன்று எனக்குத் தெரியாது. அவன் வந்து திறந்தபோது நான் தரையில் கிடந்தேன். "இப்பத்தான் வந்தேன், இப்பத்தான் வந்தேன்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அவனும் அழுதான். ஒரு வாரம் என்னைத் தனியாக விடவில்லை. காபி போட்டான், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டான். இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில், "நல்லவேளை, அந்த நேரத்துக்குச் சரியா வந்தான்" என்று சொல்லி முடிப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போனேன். அண்ணியும் எங்களோடு வந்திருந்தாள். கூடத்தில் தம்பியிடம் விழாவுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவனுடைய கோப்புகளைத் தேடுவது சுலபம். தேதி, இடம், பொருள் என்று ஒழுங்காகப் பெயர் வைப்பான். எங்கள் தொழிலில் ஒரே சத்தத்தைப் பலமுறை பதிவுசெய்து, எடுபடுகிற ஒன்றின் பெயரோடு மட்டும் 'நல்லது' என்று சேர்ப்பது வழக்கம். அந்தத் தேதியில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. பெட்டியறை, பெண், அழுகை, நல்லது.

நான்கு நிமிடம் பதினோரு விநாடி. பெட்டியறையில் பதிவுப் பொத்தான் கிடையாது. அது வெளியே மேஜையில்தான் இருக்கிறது. அப்படியென்றால் யாரோ வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேனோ என்னவோ. ஒன்றரை நிமிடம் கழிந்த இடத்தில் நான் அலறுகிறேன். அலறலின் உச்சியில் மைக் தாங்காமல் ஒலி கொஞ்சம் உடைகிறது. உடனே பதிவின் ஒலியளவு குறைகிறது. படீரென்று இல்லை, மெதுவாக, பக்குவமாக, தொழில் தெரிந்த விரல் திருகினால் எப்படிக் குறையுமோ அப்படி. அடுத்த அலறல் சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. பிறகு நான் சோர்ந்து முனகும்போது அதே விரல் அளவைக் கூட்டியிருக்கிறது, முனகலும் வீணாகக் கூடாது என்று.

"அண்ணி, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவள் பின்னாலேயே அவனும் வந்தான். திரையைப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான்.

"என்னிக்கு? விழா முடிஞ்சா, அறுபதாம் கல்யாணத்துக்கா?"

"நீ ஏதோ தொடருக்கு ஒத்திகை பாக்கறேன்னு நெனச்சேன். சத்தியமா."

ஒலிபெருக்கியைப் போட்டு, அவன் படத்துக்காக வெட்டி எறிந்த பகுதியை ஓட்டினேன். கல்லூரிக் காலத்திலிருந்து நான் மட்டும் அவனைக் கூப்பிடுகிற பெயர் அறை முழுக்கக் கேட்டது. "கண்ணாடி. டேய் கண்ணாடி. வந்துட்டியா? கதவத் தொறடா. மூச்சு வரல. கண்ணாடி."

"எந்தத் தொடர்ல வருது இந்த வசனம்?" என்று கேட்டேன்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "இது அன்னிக்கு நடந்ததா? இதுக்கா நான் துணி மடிச்சேன்?" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "ஏண்டா, பாவி. பக்கத்து வீட்டு நாய் கத்தினாலே எட்டிப் பாப்பியே. இது உன் பொண்டாட்டிடா."

"அக்கா, நீ சும்மா இரு. உனக்கு இது புரியாது." அவன் என் பக்கம் திரும்பினான். "ஹெட்போனை மாட்டினதும் எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. இப்படி ஒரு சத்தத்தை எந்த நடிகையாலயும் தர முடியாது. உனக்கே தெரியும். நாலு வருஷமா ஒரு படமும் எடுபடல. ரெண்டு நிமிஷம் போதும்னு நெனச்சேன். அப்புறம் தொறந்துட்டேன்ல? உனக்கு ஒண்ணும் ஆகலியே."

"நாலு நிமிஷம்."

"சரி, நாலு."

"நடுவுல அளவு குறைச்சிருக்க."

அவன் பார்வை மேஜையில் இருந்த திருகுக்குப் போனது.

"நான் கத்தறது உடையுதுன்னு குறைச்சிருக்க. கதவோட கைப்பிடி உன் பக்கத்துல மூணு அடியில இருக்கு. உன் கை அங்க போகல, இங்க வந்திருக்கு. அப்புறம் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதியே, அது எதுக்கு? அதையும் பதிவு பண்ணினியா?"

"அது நெஜமா அழுதேன்."

அது உண்மையாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யாக அழுதிருந்தால் ஒரே வெட்டாக வெட்டிவிடலாம். காபி போட்டதும் நிஜம், எண்ணெய் வைத்ததும் நிஜம். ஒன்பது வருடமாக இவன் என்னை ஆசையாக வைத்திருந்ததும் நிஜம். அந்த நான்கு நிமிடமும் அதே கணக்கில் நிஜம்.

அவன் தரையில் என் காலருகே உட்கார்ந்தான். "என்ன வேணும்னாலும் சொல்லு. இனிமே ஜென்மத்துக்கும் இப்படிப் பண்ண மாட்டேன்."

"பண்ண மாட்ட. எனக்குத் தெரியும். ஆனா இனிமே நான் உன்னைக் கூப்பிட்டா, நீ வந்துகிட்டு இருக்கியா, நின்னு கேட்டுகிட்டு இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"படத்துல உன் பேரைப் பெருசாப் போட்டுடறேன்" என்றான். சொன்ன மறுநொடியே தப்பு என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

கழகத் தலைவியின் முகவரியை எடுத்து மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன். இரண்டு தடவை அழித்து எழுதினேன். அவன் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

'படத்தில் வரும் குரல் என்னுடையது. நான் நடிக்கவில்லை. அடைபட்டு உதவி கேட்டபோது, என் கணவர் வெளியே இருந்து நான்கு நிமிடம் கேட்டுக்கொண்டே பதிவு செய்தார். இந்தக் குரலை எங்கேயும் ஒலிக்கவிட நான் சம்மதிக்கவில்லை.'

"அனுப்பு. எனக்கு இது வேணும்தான்" என்றான். பிறகு திரையில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, "ஒரே ஒரு வார்த்தை மட்டும். 'கேட்டுக்கொண்டே'ன்னு வேண்டாமே. 'பதிவு செய்தார்'னு மட்டும் இருந்தாப் போதாதா? படிக்கறவங்க என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

நான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே கேட்கிறான். என் மேல் அத்தனை பிரியம் இருக்கிற அந்த முகம், அந்த ஒரு வார்த்தைக்காக என்னிடம் கெஞ்சியது.

"கேட்டியா, இல்லையா?"

"கேட்டேன்."

அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

ஐந்து நிமிடம் போயிருக்காது. அவனுடைய கைபேசி அடித்தது. தலைவியின் பெயர் திரையில் மின்னியது. அவன் அதை என்னிடம் நீட்டினான்.

"நீ பேசறியா? எனக்கு வாய் வராது."

"ஸ்பீக்கர்ல போட்டு நீயே பேசு" என்றேன். "என்ன நடந்துச்சோ அதை மொதல்லேர்ந்து சொல்லு. நான் ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்க மாட்டேன்."

அண்ணி எழுந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவன் பொத்தானை அழுத்தினான். "மேடம்" என்று ஆரம்பித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அந்தக் குரல் யாரோடதுன்னு எனக்குத் தெரியும் மேடம். என் மனைவியோடது."

"அப்புறம்?" என்று தலைவி கேட்டாள். எனக்கும் அந்த 'அப்புறம்'தான் வேண்டியிருந்தது.