பனையேறாத நெஞ்சு

டாக்டர் ஜெயபாய் கத்தரியை வைத்து வேட்டியைத் தொடை வரை கிழித்தாள். தோல் பளபளக்க வீங்கியிருந்தது ராஜதுரையின் கால். சலைன் ஏற்றச் சொல்லி நர்ஸை அவசரப்படுத்திக்கொண்டே, எப்படி அடிபட்டது என்று கேட்டாள்.

பதில் சொன்னது, அவனைத் தூக்கி வந்த மேஸ்திரி பொன்னுதுரை. "இன்னைக்கு இவன் துறைமுகத்து வேலைக்கே வரலம்மா. ஊர்ல பனையில ஏறி விழுந்திருக்கான்."

அடிபட்டவன் வாயால் சொல்லட்டும் என்றாள். ராஜதுரை முதலில் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தான். பிறகுதான், "ஆமாம்மா, பனையிலருந்துதான்" என்றான்.

ஜெயபாய்க்குச் சுரீர் என்று ஏறியது. அவள் சித்தப்பா பனையேறி. மரத்தைத் தினமும் கட்டிப்பிடித்து அவர் நெஞ்சு மாட்டுத்தோல் மாதிரி காய்த்துக் கிடக்கும். இவன் நெஞ்சு வழவழவென்று இருந்தது. காய்ப்பு இருந்ததெல்லாம் மூட்டை சுமக்கிற பிடரியில். நோயாளிகள் பொய் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. குடித்துவிட்டுக் குடிக்கவில்லை என்பார்கள், மாத்திரையைத் தூர எறிந்துவிட்டு விழுங்கினேன் என்பார்கள். அவை அவரவர் சொந்தப் பொய், சிரித்துவிட்டுப் போய்விடலாம். இது இன்னொருத்தன் இவன் வாய்க்குள் திணித்த பொய்.

"ஐப்பசி மழையில எந்த ஊர்லவே பனை ஏறுதாவ? எங்க சாத்தான்குளத்துல ஏற மாட்டாவ."

"காயத்தப் பாருங்கம்மா. மரத்த எதுக்குப் பாக்கீங்க?" என்று பல்லைக் காட்டினான் பொன்னுதுரை.

அவனைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலுக்குத் திரும்பிக் குனிந்தாள்.

"ஏலே, நசுங்குன சதையிலருந்து விஷம் ரத்தத்துல எறங்கும். எதுக்கடியில, எம்புட்டு நேரம் கெடந்தன்னு சொல்லாட்டா செத்துப்போவ. அவன் குடுக்குத வேலைக்காவ உசுர விடுவியா?"

அவன் கண்ணில் நீர் முட்டியது. தலையை ஆட்டினான். "எனக்காவ இல்லம்மா."

"பின்ன யாருக்காவ?"

வெளியே மேஸ்திரி கதவைத் தட்டினான். மரியாதையாகத்தான் தட்டினான், அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. சத்தம் கேட்டதும் ராஜதுரை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். காலையில் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் உரமூட்டை அடுக்கு சரிந்ததையும், மத்தியானம் வரை அதற்கடியில் கிடந்ததையும் தாழ்ந்த குரலில் சொன்னான். வாயைத் திறக்காமல் இருந்தால், இருட்டியபின் ஆள் பார்க்காமல் மற்றவனையும் எடுத்துவிடுவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறானாம்.

"மத்தவனா?"

"எம் மச்சினன் முத்துக்கனி. எனக்கு அடியில மாட்டுனவன், இன்னும் மூட்டைக்குள்ளதான் கெடக்கான்மா. என்னைய இழுக்கும்போது எங் கணுக்காலப் புடிச்சுக்கிட்டான். அவன் வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சுத்தான் என்னைய எடுத்தாவ."

ஜெயபாய் கணுக்காலைப் பார்த்தாள். உரத்தூள் அப்பிய தோலில் நாலு விரல் பதிந்த தடம், இன்னும் சிவப்பாக.