நடுங்கிய சிவப்புக் கார்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு பிரேக் டிஸ்க் செய்யும் கம்பெனி ஒன்றில் சுமலதாவுக்கு ஒன்பது வருடமாக ஒரே வேலை. கடைசல் முடிந்து வரும் டிஸ்க்கை மேஜையில் ஏற்றிச் சுற்றுவாள். டயல் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பாள். தலைமுடியின் பருமனில் பாதி ஆடினாலும் ஓரமாகத் தள்ளிவிடுவாள்.

சனிக்கிழமை காலை சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கம்பெனி வாசலுக்கு வந்தது. அங்கிருந்த வேகத்தடையைத் தாண்டுவதற்கு ஓட்டிவந்த பெண் ஏதோ பொத்தானை அமுக்க, காரின் மூக்கு இரண்டு விரல் உயர்ந்தது. அப்படியும் அடிப்பக்கம் உரசியது.

வந்தவள் பூமிகா. கார் கம்பெனி இன்ஜினியர். பிரேக் பிடித்தால் ஸ்டீரிங் நடுங்குகிறது என்று காரின் சொந்தக்காரர் புகார் கொடுத்திருந்தார். டிஸ்க் இங்கே செய்தது. தர மேலாளர் பாக்கியராஜ் சுமலதாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் நம்பர் போட்ட டிஸ்க்தாம்மா. உன் கண்ணுல தப்பிடுச்சு போல."

சுமலதாவுக்கு முகம் சூடேறியது. "நான் பாத்து அனுப்பினது ஆடாது சார். வண்டில என்னை ஒருவாட்டி உக்கார வையுங்க. நடுக்கம் எப்படி வர்துன்னு பாக்கறேன்."

பாக்கியராஜ் தயங்கினார். பூமிகா தயங்கவில்லை. "வாங்கக்கா."

உள்ளே ஏறுவதே பெரும்பாடாகிவிட்டது. குனிந்து, காலை நீட்டி, கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்தாள். "இன்னா மேடம், படுத்துக்கினு போறாப்ல இருக்குது!"

சிப்காட் ரோட்டில் ஒவ்வொரு சிறு பள்ளமும் முதுகெலும்பில் வந்து இடித்தது. "கல்லு மாதிரி இருக்கும்க்கா," என்றாள் பூமிகா. "வளைவுல சாயாம போகணும்னு இப்படிப் பண்றாங்க. நம்ம ஊரு ரோட்டுக்கு இது தண்டனை."

சிப்காட்டின் விரிவாக்கப் பகுதியில் புதிதாகப் போட்ட ரோடு இன்னும் திறக்கப்படவில்லை. அதில் ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். பூமிகா மிதித்தாள். சுமலதாவின் தலை பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. வயிறு எங்கோ பின்தங்கிவிட்டது. பயத்தில் கத்த வாயைத் திறந்தவள் சிரித்துவிட்டாள்.

பிரேக் விழுந்தது. ஸ்டீரிங் நடுங்கியது.

"பாத்தீங்களா?"

"இன்னொருவாட்டி போங்க. இந்தவாட்டி பிரேக்க தொடாதீங்க. ஸ்டீரிங்ல விரல் வெச்சிக்கட்டா?"

நூற்றுப்பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராக ஓடியபோது சுமலதா இரண்டு விரலை ஸ்டீரிங்கின் ஓரத்தில் வைத்தாள். டயல் முள்ளைப் பார்த்தே பழகியவளுக்கு அந்த மெல்லிய அதிர்வு உடனே பிடிபட்டது.

"இப்பவும் நடுங்குது மேடம். டிஸ்க்கு கோணலா இருந்தா பிரேக்க அமுக்கினா மட்டும்தான் வரும். வண்டியே கல்லாட்டம் இடிக்கறதால இது தனியா தெரியல உங்களுக்கு. எனக்கென்னவோ சக்கரம்னு தோணுது."

திரும்பி வந்து காரை ஜாக்கியில் ஏற்றினார்கள். சுமலதா தன் டயலை எடுத்துவந்து முதலில் டிஸ்க்கில் வைத்துச் சுற்றினாள். முள் அசையக்கூட இல்லை. அடுத்து ரிம்மின் உள்விளிம்பில் வைத்தாள். முள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாகப் பாய்ந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்த பூமிகாவுக்கு வளைவு தட்டுப்பட்டது.

"டயர் உயரம் கம்மியா, பட்டையா இருக்குல்ல? பள்ளத்துல விழுந்தா அடி நேரா ரிம்முக்குத்தான்," என்றாள். பிறகு பாக்கியராஜைப் பார்த்து, "நான்தான் சார் அவசரப்பட்டு டிஸ்க்னு எழுதிட்டேன்," என்றாள்.

"நானும்தான் அவசரப்பட்டு இவங்க மேல போட்டேன்," என்றார் பாக்கியராஜ். சுமலதாவிடம், "மனசுல வெச்சிக்காதம்மா," என்றார்.

"ஸ்டெப்னி மாட்டிக்கலாமே மேடம்?"

"இதுல ஸ்டெப்னியே கிடையாதுக்கா. வெக்க இடமில்ல."

சென்னையிலிருந்து வேறு சக்கரம் வர மதியம் மூன்றாகிவிட்டது. அதுவரை இரண்டு பேரும் கேன்டீனில் உட்கார்ந்து சுமலதா கொண்டுவந்த புளிசாதத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர்தான் ஓடும் என்று பூமிகா சொன்னபோது சுமலதாவுக்குப் புரையேறியது.

சக்கரத்தை மாற்றியதும் மறுபடி அதே ரோடு. நூற்று அறுபதில் பூமிகா பிரேக்கை முழுசாக அழுத்தினாள். பெல்ட் நெஞ்சை இறுக்கியது. கார் ஒரு பக்கமும் இழுக்காமல், துளி நடுக்கமில்லாமல், நூல் பிடித்ததுபோல நின்றது. ஒன்பது வருடமாக டிஸ்க்குகளைத் தள்ளிவைத்ததும் அனுப்பியதும் எதற்காக என்று சுமலதாவின் உடம்புக்கே அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து ஊரான ஆரணிக்குத் திரும்பினாள். கன்டெய்னர் லாரி ஓட்டும் அவள் புருஷன் மணிகண்டனுக்கு அன்று லீவு. விஷயத்தைச் சொன்னதும் டிவியை அணைத்துவிட்டு அருகே வந்து உட்கார்ந்தான்.

"எவ்ளோ ஸ்பீடு போச்சு?"

"நூத்தறுவது. அத்த உடுய்யா. நின்னுச்சு பாரு, அத்த கேளு."

அவன் கேட்டான். அவள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.