மச்சானின் சுண்டுவிரல்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. என் கண்ணாணை. ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் மற்றதன் மேல் ஆணை.

என் கூடப்பிறந்த தங்கையைக் கட்டிய மச்சானுக்குப் பெயர்ப்பலகைக் கடையில் கணினி வேலை. அவர் அடிக்கும் எழுத்தை இயந்திரம் பித்தளையில் பொறிக்கும். நான் அதே கடையில் அதைத் தேய்த்துப் பளபளக்க வைப்பேன். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் பெயரிலுள்ள எழுத்துக்குத் தலையில் தொப்பி, காதோரம் கீற்று, காலடியில் வால் என்று ஏதாவது இருக்கும். அதற்கெல்லாம் விசைப்பலகையில் தனி விசை கிடையாது. ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டே வலக்கோடி எண்களில் நான்கு இலக்கம் அடிக்க வேண்டும். மச்சானுக்கு அத்தனை இலக்கமும் மனப்பாடம். கல்யாண நாள்தான் மறந்துபோகும்.

அப்போது புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். ரெண்டு பேர்ல யாருக்குக் கை ஓடுதோ அவங்கதான் இங்க."

அந்தப் பெண் நேராக மச்சானிடமே வந்து நின்றாள். "அண்ணே, அந்தத் தொப்பியை எப்படிண்ணே போடுறீங்க?"

"அது ஒண்ணுமில்லம்மா. ஆல்ட்டைப் பிடிச்சுக்கோ. பூஜ்யம், ரெண்டு, மூணு, நாலு. இப்பக் கையை எடு. தொப்பி வந்து உக்காந்துக்கும்."

சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் சொல்லிக்கொண்டே, அவளுடைய விசைப்பலகையின் மேல்மூலையில் இருந்த நம்லாக் விசையைச் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். அங்கே எரிந்த குட்டிப் பச்சை விளக்கு அணைந்தது. அது அணைந்துவிட்டால், அந்தப் பக்கத்து எண்களை எவ்வளவு அடித்தாலும் திரையில் ஒன்றும் விழாது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் குனிந்து பித்தளையைத் தேய்த்தேன்.

அவள் அடித்தாள். மறுநாளும் அடித்தாள். தொப்பி வரவில்லை.

"எனக்குத்தான் விரல் வளையலண்ணே," என்று மச்சானுக்கே டீ வாங்கி வந்து வைத்தாள். "வேலை நிரந்தரம்னு அம்மாகிட்ட வேற சொல்லிட்டேன்."

மச்சான் டீயைக் குடித்தார். கடைசி வாய் தொண்டையில் இறங்கியபோது அவர் சுண்டுவிரல் பச்சையாக எரிய ஆரம்பித்தது.

"விரல்ல என்னங்க?" என்றாள் என் தங்கை.

"மை."

"மை எங்கயாவது மின்னுமா?"

துணி சுற்றினார், துணி பச்சையானது. பைக்குள் விட்டார், சட்டை பச்சையானது. நாற்சந்தியில் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினார். சிவப்பு விளக்குக்கு நின்றிருந்த வண்டிகள் எல்லாம் கிளம்பிவிட்டன.

வெள்ளிக்கிழமை முதலாளி அவள் பின்னால் வந்து நின்றார். அவள் ஆல்ட்டைப் பிடித்தாள், அடித்தாள், கையை எடுத்தாள். ஒன்றும் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"சரிம்மா, பையை எடுத்துக்கோ," என்றார் முதலாளி.

மச்சான் எழுந்தார். "முதலாளி, குத்தம் அவ கையில இல்ல. என் கையில."

துணியை அவிழ்த்து, அந்த விசையை எரிகிற விரலாலேயே அமுக்கினார். அங்கே விளக்கு எரிந்தது. இங்கே விரல் அணைந்தது. அத்தோடு விட்டதா? அவள் வாரம் முழுக்க அடித்தும் விழாத தொப்பிகள் அத்தனையும் திரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டின. கடிகாரத்து எண்களுக்குத் தொப்பி. மின்விசிறி இறக்கைக்குத் தொப்பி. முதலாளியின் வழுக்கையில் ஒன்று.

"என்னப்பா இது?"

"தொப்பி, முதலாளி."

"எடுய்யா!"

"வர மாட்டேங்குதே!"

கூட்டிப் பெருக்கியதில் இரண்டு மூட்டை தேறியது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. மச்சானைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "அந்த டீயையாவது வேணாம்னு சொல்லியிருக்கலாமேண்ணே."

அவளுக்கு வேலை நிரந்தரமானது. மச்சானைப் பித்தளை தேய்க்க என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றும் அவள் டீ கொண்டுவந்து வைக்கிறாள், ஒரே ஒரு டம்ளர். அந்த மேஜைக்கு நாற்காலியும் ஒன்றுதான்.

என்னைப் பெற்றவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. கூடப்பிறந்த தங்கை என்று யாரும் கிடையாது.