விரல்களுக்குத் தனித்தனி வீடு

"தாத்தா, உங்க விரலுக்கெல்லாம் ஏன் தனித்தனி வீடு? ஒண்ணுக்கொண்ணு சண்டையா?"

ஆலய வாசலில் என் கையுறைகளைப் பார்த்து ஐந்து வயது வில்யா ஒருநாள் கேட்டாள். அவளுடைய கம்பளி உறையில் கட்டைவிரலுக்கு ஓர் அறை, மற்ற நாலுக்கும் ஒரே கூடம்.

"ஆர்கன் வாசிக்கிற விரல்மா. மரியாதை வேணும்ல?" என்றேன்.

எங்கள் ஓவ்லு நகரில் பனிக்காலத்திலும் எல்லோரும் சைக்கிள்தான். ஹேண்டில்பாரில் பஞ்சு வைத்த பைகளை மாட்டி, அதற்குள் கையை நுழைத்துக்கொள்வார்கள். சோம்பேறிகளின் போர்வை என்று அதைக் கேலி செய்தவன் நான்.

எங்கள் சபைக்காரர் தவுனோவின் அடக்க ஆராதனையன்று குளிர் மைனஸ் இருபத்தேழு டிகிரி. அவர் மனைவி சில்வி முந்தின நாளே சொல்லியிருந்தாள்: "கடைசிப் பாட்டு அவர் தினமும் பாடினது. அது மட்டும் தப்பில்லாம வரட்டும், உர்ப்போ."

அதனால் புத்திசாலித்தனமாக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை போட்டேன். ஆலயம் சேர்ந்தபோது பத்து விரலும் விறகு. முதல் பாட்டில் ஒரே விரல் மூன்று கட்டைகளை அமுக்கியது. அப்படியொரு சுரத்தைக் கர்த்தர் படைக்கவே இல்லை. சபை இருமியது.

பிரசங்கம் தொடங்கியதும், ஆலயத்தைப் பெருக்கி விளக்கேற்றும் கோயில்பிள்ளை ராகேல் ஆர்கன் இருக்கும் மாடிக்கு ஏறி வந்தாள்.

"யாருங்க அது, பூனையா ஏறி மிதிச்சது?" என்று கிசுகிசுத்தாள். கழற்றி வைத்திருந்த கையுறைகளைப் பார்த்தாள். "ரெண்டு ஜோடியா? இப்படி இறுக்கினா ரத்தம் எந்த வழியா ஓடும்? நாலு விரலும் ஒண்ணா இருந்தாத்தான் சூடு. நீட்டுங்க கையை."

தன் கம்பளி உறைகளை, உள்ளே அவள் சூடு ஆறுவதற்குள், எனக்கு மாட்டிவிட்டாள். பிறகு சவப்பெட்டியை இறக்கும் வாசல் படிகளில் பனி தள்ள வெறுங்கையோடு போனாள்.

போதகர் நீளமாகப் பேசியதற்காக நான் தேவனுக்கு நன்றி சொன்னது அன்றுதான் முதல்முறை. கடைசிப் பாட்டு தப்பில்லாமல் வந்தது. கீழே சில்வி வாய்விட்டுப் பாடினாள்.

வெளியே வந்தபோது சுவரோரம் ராகேலின் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பார் பைகளில் தையல் விட்டு, பஞ்செல்லாம் கொட்டியிருந்தது. முப்பது வருடம் அதே சுவரில் என் சைக்கிளையும் சாய்த்திருக்கிறேன். கண்ணில் பட்டதில்லை.

சனிக்கிழமை கடையிலிருந்த ஹேண்டில்பார் பைகளில் நல்ல ஜோடி ஒன்றை வாங்கினேன். அவள் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது கிழிந்ததைக் கழற்றி, புதியதை மாட்டினேன். அன்று என்னிடமே தங்கிவிட்ட அவளுடைய கம்பளி உறைகளை அந்தப் பைகளுக்குள் வைத்தேன். அவள் வெளியே வருவதற்குள், விரலெல்லாம் ஒன்றாக இருக்கட்டும் என்று கையில் கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தேன்.