மார்ச் வரைக்கும் தாங்கினா போதும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷனுக்கு ஒரு இடத்தில் நிற்க மட்டும் வராது. செடி நர்சரிக்குள் நுழைந்ததிலிருந்தே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போலத்தான் பறந்துகொண்டிருந்தார்.

எங்கள் மாடியில் நாள் முழுக்க வெயில். போன தடவை வைத்ததெல்லாம் கருகிவிட்டது. வெயிலைத் தாங்கி, வருடா வருடம் தானாகத் துளிர்க்கிற செடிகளாகப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்து அவரை இழுத்து வந்திருந்தேன். கம்பெனி ஊர் ஊராக மாற்றும், நான் மூட்டை கட்டுவேன், அதுதான் எங்கள் குடித்தனம். இந்த ஊரில்தான் பல் டாக்டரிடம் எனக்கு ஒரு வேலை அமைந்தது. மகளுக்கும் ஒரு தோழி கிடைத்தாள். இனி அசைவதில்லை என்று இவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

நர்சரிக்காரர் ஒரு லாவெண்டரைக் கவிழ்த்து வேரைக் காட்டினார். பக்கத்தில் இடுப்புயரப் புல் ஒன்று கதிர்களோடு ஆடிக்கொண்டிருந்தது.

“இந்தப் புல்லு நல்ல வெயில் கேக்கும்மா. தொட்டி மட்டும் சிமெண்ட்ல பெருசா இருக்கணும். பிளாஸ்டிக்னா காத்துக்குச் சாஞ்சிடும்.”

“சிமெண்டா? யாரு தூக்குறது?” என்றார் இவர்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, பார்த்துக்கொள்வதே இவர்தான். ஆனாலும் பிளாஸ்டிக் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். போனை எடுத்தார், பைக்குள் போட்டார், மறுபடி எடுத்தார்.

“ஒரே சீசன்ல பூத்து முடியற செடி ஏதாவது குடுங்க. மார்ச் வரைக்கும் தாங்கினா போதும்.”

“மார்ச்சுல என்னங்க?” என்றேன்.

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“பேச்சுக்கா?”

திருட்டு முழி முழித்தார். “வேற ஊர்ல புது பிராஞ்ச் திறக்கிறாங்க. ஆள் கேட்டாங்க.”

“அவங்க கேட்டாங்களா, நீங்களா போய்க் கேட்டீங்களா?”

கையிலிருந்த தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒரே எடத்துல இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. ஒவ்வொரு தடவையும் நான்தான் மாத்தல் கேட்டேன்.”

இத்தனை வருடமும் கம்பெனியைக் கரித்துக் கொட்டினேனே! ஆத்திரமாக வந்தது. அழுகையும் முட்டியது. அதை அவருக்குக் காட்ட இஷ்டமில்லாமல் புல்லைத் தடவிக்கொண்டு நின்றேன்.

நர்சரிக்காரர் நாசூக்காகத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நகர்ந்திருந்தார். கூப்பிட்டேன்.

“அண்ணே, சிமெண்ட் தொட்டியே குடுங்க. இந்தப் புல்லு, லாவெண்டர், அந்த நித்தியகல்யாணி, மூணும்.”

“அவ்ளோ கனத்தை அங்க எப்படிக் கொண்டு போறது?” என்றார் இவர்.

“யாரு கொண்டு போறா? நானும் பொண்ணும் இங்கதான் இருக்கப்போறோம்.”

பிளாஸ்டிக் தொட்டியைக் கீழே வைத்தார். முதல்முறையாக அசையாமல் நின்றார்.

“அப்ப நான்?” என்று கேட்டார்.

இத்தனை ஊர் மாறியும் நான் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி அது.