வளவன் இப்போது நன்னிலத்தில்

அந்தப் பூதலூர் ரைஸ் மில்லில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "இருக்கு, எங்க இருக்குன்னுதான் தெரியல." பாதி விஷயம் வாட்ஸ்அப்பில் கிடக்கும், பாதி மெயிலில். ஸ்கேன் பண்ணின பில்லெல்லாம் எவனோ ஒருத்தன் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருப்பான். கேரளா பார்ட்டி ஒருத்தர் அரிசியில் பழுப்பு இருக்கிறது என்று ஒரு லோடைத் திருப்பி அனுப்ப, அது எந்த ஊர் நெல் என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆபீஸே தலைகீழானது. முதலாளி வைத்தியலிங்கம் எகிறிவிட்டார்.

"ஏம்மா பிரியா, போன்ல உலகத்தையே தேடுறானுவ. நம்ம மில்லுக்குள்ள தேட ஒரு வழி கிடையாதா?"

மில்லின் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் மோகனப்பிரியாவின் தலையில்தான். சரியென்று இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். மெயில், பில், ஈரப்பத ரிப்போர்ட், ஆட்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் பதிவு, லொகேஷன் எல்லாவற்றையும் ஒரே தேடலுக்குள் கொண்டுவந்தாள். எடை போடுகிறவர்களும் டிரைவர்களும் டைப் அடிக்கவா போகிறார்கள்? அதனால் வாயால் கேட்டால் வாயால் பதில் சொல்லும்படியும் செய்தாள். சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம்.

சோதனைக்காக 'நன்னிலம் நெல் ஈரம்' என்று கேட்டாள். முதல் பதிலாக வந்து நின்றது வளவனின் முகம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, அதன்கீழே 'இன்று காலை' என்று இருந்தது.

வளவன் அவள் புருஷன். இதே மில்லுக்கு ஊர் ஊராகப் போய் நெல் கொள்முதல் செய்தவன். பைக்கில் போகும்போது லாரி மோதிச் செத்து மூன்று வருஷம் ஆகிறது.

பதிவு எந்த நம்பரிலிருந்து வந்தது என்று பார்த்தாள். காரணம் புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. கொள்முதல் ஆளுக்கு மில் கொடுக்கும் சிம் எப்போதும் ஒன்றேதான். ஆள் மாறலாம், நம்பர் மாறாது. டெல்டா முழுக்க விவசாயிகள் அதை 'நெல்லு கம்பெனி' என்று போனில் போட்டு வைத்திருக்கும்போது நம்பரை மாற்றினால் வியாபாரம் என்னத்துக்கு ஆகும்? வளவனுக்குப் பிறகு அந்த சிம் புதுக் கொள்முதல் ஆள் பகலவன் கைக்குப் போனது. தேடலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நம்பர் ஒன்று, அதனால் ஆளும் ஒன்று என்று முடிவு கட்டிவிட்டது. பகலவன் இன்று அனுப்பியதும் வளவன் அன்று அனுப்பியதும் ஒரே முகத்தின் கீழ் வரிசையாக நின்றன.

கீழே போய்ப் பழைய பதிவு ஒன்றைத் தட்டினாள். "ஆபீஸ், நன்னிலம் லோடு கிளம்பிட்டு. ஈரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, பாத்துக்குங்க." வெறும் நெல் பேச்சுதான். அதற்கே ஓவென்று அழுதாள், பாவி மக. விபத்தில் அவன் சொந்த போன் நொறுங்கிப் போனதிலிருந்து அவள் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

ஆட்கள் பட்டியலில் வளவன் பெயருக்கு நேராக, பணி முடிந்த நாள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தேதியைப் போட்டால் இரண்டு பேரையும் அது பிரித்துவிடும், ஒரு நிமிஷ வேலை. அவள் போடவில்லை. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றாள், மறுநாளும் அதையேதான் சொன்னாள். ஆபீஸில் நுழைந்ததும் முதலில் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்ப்பாள். பகலவன் போனை எடுத்தால் அது எரியும், வைத்தால் அணையும். எரிகிறபோதெல்லாம் இவளுக்குப் பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், திரும்பிப் பார்க்க பயமாகவும் இருக்கும். புத்தி கெட்ட வேலையா? கெட்ட வேலைதான். அந்த நிலைமையில் நமக்கு மட்டும் கை வந்திருக்குமா என்ன?

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு, கொள்முதலுக்குத்தான் லீவு கிடையாது. மறுநாள் முதலாளி எல்லாருக்கும் தேடலைத் திறந்துவிடப் போகிறார் என்பதால் மிச்ச வேலையை முடிக்க வந்தாள். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகள் யாழ்மொழியையும் கூட்டி வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்பு, வாய் ஓயாது. அவளைப் பொறுத்தவரை அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். தெருவில் பாதி வீட்டு அப்பாக்கள் வெளிநாட்டில்தானே, அந்தப் பொய் லேசாக ஒட்டிக்கொண்டது. மாலை போட்ட படத்தை பீரோவுக்குள் பூட்டி வைத்து, விஷயம் தெரிந்தவர்கள் வாயையெல்லாம் கெஞ்சி அடைத்து, பொத்திப் பொத்திக் காத்த பொய்.

மோகனப்பிரியா குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு பிள்ளை கேட்பது வாசலிலேயே காதில் விழுந்தது.

"வளவன் எங்க இருக்காரு?"

"வளவன் இன்று காலை முதல் நன்னிலத்தில் இருக்கிறார்" என்றது அது, பதவிசான ஒரு பெண் குரலில்.

பிள்ளை திரும்பினாள். முகமெல்லாம் ஒரே பூரிப்பு. "அம்மா, அப்பா வந்துட்டாரு! நன்னிலத்துல இருக்காராம்!" சொல்லி முடிப்பதற்குள் முகம் சுருங்கியது. "இங்கன இருக்கிற நன்னிலத்துலயே இருந்துகிட்டு ஏம்மா வீட்டுக்கு வரல? என்னைப் புடிக்கலயா?"

சிங்கப்பூர் என்றால் தூரம், வராததற்கு ஒரு நியாயம் உண்டு. நன்னிலம் என்றால் பஸ் ஏறினால் வந்துவிடலாமே. இனி ஒவ்வொரு நாளும் அப்பா வேண்டுமென்றே வராமல் இருக்கிறார் என்றுதானே இந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டு வளரும்? மோகனப்பிரியா தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள். மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"அப்பா செத்துப் போயிட்டாருடி. சிங்கப்பூருன்னு அம்மா பொய் சொன்னேன்."

யாழ்மொழி அவளை உற்றுப் பார்த்தாள். மடியிலிருந்து இறங்கி மைக்கை எடுத்தாள். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில்: வளவன் நன்னிலத்தில் இருக்கிறார்.

"நீதான் பொய் சொல்ற. இது சொல்லல."

தப்பு தன்னுடையதுதான் என்பது மோகனப்பிரியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பொய் சொன்னேன் என்று இப்போதுதானே தன் வாயால் சொன்னாள், பிறகு பிள்ளை எதை நம்பும்? நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்தைத் திறந்தாள். வளவன் செத்த தேதியைப் போட்டாள். பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பகலவனுடைய பதிவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று அவன் பெயருக்குக் கீழே போய்ச் சேர்ந்தன. வளவனின் பச்சைப் புள்ளி அணைந்தது, இனி எரியாது. என்ன இருந்தாலும் இரண்டாம் தடவை அவனைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது அவளுக்கு.

"இப்ப கேளு."

பிள்ளை கேட்டாள்.

"வளவன் கடைசியாக இருந்த இடம் வடுவூர்" என்றது அது.

இதை மோகனப்பிரியா எதிர்பார்க்கவில்லை. அவன் கடைசியாக லொகேஷன் அனுப்பியது வடுவூரிலிருந்து, அங்கேதான் லாரி மோதியது. அன்றிலிருந்து அந்த ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் அவள் காலை வைத்ததில்லை. மன்னார்குடியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக்கூட நீடாமங்கலம் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

யாழ்மொழி மைக்கைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது.

"அப்ப இத்தன நாளும் வடுவூர்லயே தனியா நிக்கிறாராம்மா? நம்ம போயி கூட்டிட்டு வரணும்னு?"

மோகனப்பிரியா எழுந்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள். ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லடி தங்கம். அங்க யாரும் நிக்கல. வா, வடுவூருக்கே போயி காட்டுறேன்."